வெற்றாக விட அனுமதி

நெல்டா பார்ரியாவின் பட்டறைக்கு
நான் முதலில் போனது ஜூன் மாதக் காற்றில்.
புந்தா அரேனாஸில் அந்தக் காற்றுக்கு எதிரே நடப்பவன்
கீழே எதையோ தொலைத்தவன்போலக் குனிந்தே நடப்பான்.
மேசைமேல் மூன்று செருப்புப் பெட்டிகள் நிறைய அட்டைகள்.
நகரத்தின் எரிவாயுக் கணப்புகளில் பாதி
அவற்றுக்குள் எரிந்துகொண்டிருந்தன.

"இதையெல்லாம் கணினியில் ஏற்று.
ஓனோஃப்ரேயின் கையெழுத்தை
ஓனோஃப்ரேயாலேயே படிக்க முடியவில்லை."

அன்றிரவே நான்கு அட்டவணைகள் வரைந்தேன்:
வாடிக்கையாளர், கணப்பு, வருகை, உதிரிபாகம்.
இடையே கோடுகள்.
ஒரு வீட்டுக்குப் பல கணப்பு இருக்கலாம்,
ஒரு கணப்புக்கு ஒரே வீடு.
காகிதத்தில் அழகாகத்தான் இருந்தது.

மறுநாள் பார்த்துவிட்டுச் சிரித்தாள்.
"ஆயிரத்து நூற்று நாற்பத்தேழை எங்கே வைப்பாய்?"
மான்சில்லா சகோதரிகள் மூவருக்கும் அது ஒன்றுதான்.
யார் வீட்டில் கைக்குழந்தையோ
அந்த வீட்டுக்குப் போகும்.
இப்போது நடுவுள்ளவளிடம்.
ஆகஸ்டில் இளையவளுக்குப் பேறுகாலம்.
"கூடவே ஓனோஃப்ரேயும் போவான், குழாய் மாட்ட."

கோட்டை அழித்தேன்.
நடுவில் ஐந்தாவதாக ஓர் அட்டவணை:
எது, யாரிடம், எதுமுதல், எதுவரை.

முகவரிக்குத் தெரு, எண், பகுதி என்று
மூன்று கட்டம் கொடுத்திருந்தேன்.
அட்டை சொன்னது:
"நீலக் கதவு. நாய் குரைக்கும், கடிக்காது.
குரைக்காவிட்டால் அது வேறு வீடு."
நான்காவதாக ஒரு கட்டம் சேர்த்தேன்,
நீளத்துக்கு வரம்பில்லாமல்.

ஜூலை முழுக்கத் தட்டச்சு.
வரவுப் பத்தியில் அங்கங்கே ஒன்றும் எழுதாத அட்டைகள்.
களைப்பு.
ஒரே கட்டளையில் வெற்றிடம் எல்லாவற்றையும் பூச்சியமாக்கி
அந்தக் கட்டத்தைக் 'கட்டாயம்' என்றும் குறித்தேன்.
பிறகு பெருமையோடு முதல் அறிக்கையை அச்சிட்டேன்:
நிலுவை வைத்திருப்போர் நாற்பத்தோரு பேர்,
அகரவரிசையில், தடித்த எழுத்தில்.

பதினேழாவது பெயர் என்னுடையது.

நான்கு வருடம் முன்பு ஒரு குளிர்காலம்.
சால்மன் ஆலை எங்கள் பிரிவையே மூடியிருந்தது.
ஓனோஃப்ரே வந்தான்,
பர்னரைக் கழற்றித் துடைத்தான்,
ஏதோ ஒரு செம்புக் கம்பியை மாற்றினான்,
ரசீது பிறகு வரும் என்றான்.
வரவில்லை. நானும் கேட்கவில்லை.

அட்டையைத் தேடி எடுத்தேன், இரண்டாவது பெட்டி.
"யெர்கோ. இரண்டு முறை மணி அடி.
கோட்டு போட்டபடிதான் கதவைத் திறக்கிறான்."
அதன் கீழே வரவுக் கட்டம்,
பென்சில் முனைகூடப் படாமல்.

தாளை நீட்டினேன்.
நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கிப் படித்தாள்.
"யார் போட்டது இந்தப் பூச்சியங்களை?"
மறுபடி ஒருமுறை மேலிருந்து கீழே.
"பூச்சியம் என்றால், கேட்டேன், தரவில்லை என்று அர்த்தம்.
நான் கேட்கவே இல்லையே."

வெற்று வேறு, பூச்சியம் வேறு.
பாடப்புத்தகத்தின் இரண்டாம் அத்தியாயத்திலேயே இருக்கிறது.
பரீட்சையில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன்.

பழைய பிரதியைத் திரும்ப ஏற்றி முடிக்க விடிந்துவிட்டது.
ஜூலையில் இங்கே விடிவது பத்து மணியை ஒட்டி.
வரவுப் பத்தியின் விதிகளைத் திறந்து
'கட்டாயம்' என்ற குறியை எடுத்தேன்.
என் வரிசைக்கு வந்து நின்றேன்.
இப்போது என்னிடம் பணம் இருக்கிறது.
நிர்வாகிக் கடவுச்சொல்லும் இருக்கிறது.
பதினெட்டாயிரம் பேசோ என்று அடித்தேன்,
அழித்தேன்,
அடித்தேன்.

உள்ளே வந்த நெல்டா
கையுறையைக் கழற்றாமலே கேட்டாள்,
இந்தச் 'சேமி' பொத்தானை
இன்னும் கொஞ்சம் பெரிதாக்க முடியுமா,
ஓனோஃப்ரேக்கு விரல் தடிமன்.