இருபத்துமூன்றாவது நிமிடம்

திங்கள் காலை ஷுஃபென் ஒரு வரைபடம் அனுப்பினாள்.
ஏழாம் வாரத்து விரிவுரை, என் பதிவு.
கிடைக்கோட்டில் நிமிடங்கள்,
செங்குத்தில்
எத்தனை பேர் திரும்ப ஓட்டிப் பார்த்தார்கள் என்று.
ஐம்பது நிமிடமும் சமதரை.
இருபத்துமூன்றில் மட்டும்
புக்கிட் தீமா போல ஒரு மேடு.

முதலில் பூரித்துப்போனேன், ஒப்புக்கொள்கிறேன்.
அங்கேதான் என் நகைச்சுவை இருந்ததாக ஞாபகம்,
நிகழ்தகவை நம்பிக் குடையை வீட்டில் விட்டவனைப் பற்றியது.
நூற்றெண்பத்தாறு பேர் அதைத் திரும்பத் திரும்பக்
கேட்டுச் சிரித்திருக்கிறார்கள் என்று
கிளமெண்டியில் ரயில் நிற்கும்வரை நம்பினேன்.

அறைக்கு வந்து போட்டுப் பார்த்தேன்.
நகைச்சுவை பத்தொன்பதில்.
அங்கே பள்ளம்;
இரட்டை வேகத்தில் தாண்டிப் போயிருக்கிறார்கள்.
இருபத்துமூன்றில் நான்
பின்னத்தின் கீழே இருந்த ஓர் உறுப்பை
இரண்டாகப் பிரிக்கிறேன், ஏனென்று சொல்லாமல்.
பலகையைத் துடைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு,
"இது வெளிப்படை" என்கிறேன்.
இரண்டரை வினாடி.

பதினாறு ஆண்டுகள்
இதே இடம் தாண்டியதும்
"கேள்வி உண்டா?" என்று கேட்டிருக்கிறேன்.
குளிரூட்டி மட்டும் ஏதோ சொல்லும்.
அதைப் புரிந்ததாகக் கணக்கில் எழுதிக்கொண்டு
அடுத்த பக்கம் போயிருக்கிறேன்.

பயிற்சி வகுப்பு எடுக்கும் ஹஸ்லினா
உணவகத்தில் தே ஓ கோசோங்கை ஊதிக்கொண்டே சொன்னாள்:
"நீங்களே வெளிப்படை என்ற பிறகு
யார் கை தூக்குவார்கள், டாக்டர்?
நானும் அங்கே மாட்டிக்கொண்டவள்தான்.
எங்கள் வருஷத்தில்
மேடு வரைய ஒன்றும் இல்லை."

யார் யார் என்று வரைபடம் காட்டவில்லை.
காட்டும்படி அமைக்கலாம் என்றாள் ஷுஃபென்.
வேண்டாம் என்றேன்.
ஆனாலும் ஒருவர்,
அதிகாலை மூன்று பத்துக்கு, பதினோரு முறை.
அந்தப் பதினொன்று
நாளெல்லாம் என் பின்னால் வந்தது,
ரயிலில், மின்தூக்கியில், தட்டு கழுவும்போது.

எங்கள் வீவக வீட்டில் புகலறை உண்டு,
போர் வந்தால் ஒளிந்துகொள்ள, தடித்த சுவர்களோடு.
அரிசி மூட்டைக்கும் பழைய மின்விசிறிக்கும் நடுவே
நாற்காலி போட்டு உட்கார்ந்தேன்.
இதைவிட அமைதியான இடம் இல்லை,
மேல்மாடியில் யாரோ கோலி உருட்டுவதைத் தவிர.
(மேல்மாடியில் யாருமே குடியில்லை. அது வேறு கதை.)

வெளிப்படை என்ற சொல் இருந்த இடத்தில்
டெங்கிப் பரிசோதனை ஒன்றை வைத்தேன்.
மருந்தகத்தில் ஆயிரம் பேர் வரிசை.
காய்ச்சல் இருந்து கோடு சிவந்தவர்கள் ஒருபக்கம்,
இல்லாமலே பொய்யாகச் சிவந்தவர்கள் ஒருபக்கம்.
இரண்டு கூட்டத்தையும் சேர்த்தால்தான்
கீழே வருகிற எண்.
ஒருமுறை எனக்கே கூட்டல் பிசகியது.
வெட்டாமல் விட்டேன்.
எத்தனையோ முறை சொல்லிப் பார்த்து
கடைசியில் ஆறு நிமிடமாக நின்றபோது
மணி ஐந்தே கால்.

வசனவரியைப் பொறியே எழுதியது.
நான் ப்ரயர் என்றதெல்லாம் அதற்கு ப்ரேயர்.
சோதனைக்கு முன் கையிலிருக்கும் நம்பிக்கையை
என் உச்சரிப்பில்
பிரார்த்தனையாகக் கேட்டிருக்கிறது.
முப்பத்தொரு இடத்தில் திருத்தினேன்.
முப்பத்திரண்டாவதை
கை போகவில்லை, அப்படியே இருக்கிறது.

அடுத்த திங்கள் அடுத்த வரைபடம்.
புக்கிட் தீமா கரைந்து
ஃபேபர் குன்று அளவுக்கு வந்திருந்தது.
இன்னும் குன்றுதான்.
கூடவே இருபத்தேழில் புதிதாக ஒரு சின்ன முண்டு,
ஒரே ஆள், நான்கு முறை.

போட்டுப் பார்த்தேன்.
அங்கே நான் எதுவும் சொல்லவில்லை.
மூச்சு முட்டி, இரும்புக் கதவைக் கொஞ்சம் திறந்தபோது
கீழே வாகன நிறுத்தத்து மரத்திலிருந்து
ஒரு குயில் உள்ளே வந்து கூவிப் போகிறது.

பதிவில் கோளாறு என்கிறாள் ஷுஃபென்.
இருக்கலாம்.
நான் ஐந்தாவது முறையாக ஓட்டுகிறேன்.