ராமபாணம் தின்ற சொல்

வேப்பேரி நூலகத்தின் பின்னறையில்
பக்கத்துக்கு ஒன்றரை ரூபாய் எனக்கு.
எழுத்திருந்தாலும் ஓட்டையிருந்தாலும்
அதே ஒன்றரைதான்.

ஐப்பசி ஈரத்தில் தோலட்டை
நனைந்த செருப்பைப்போல் வீசுகிறது.
வெளியே மெட்ரோவுக்குத் தோண்டுகிறார்கள்;
ஒவ்வொரு குத்துக்கும் கேமரா நடுங்குகிறது,
படத்தைத் திரும்ப எடுக்கிறேன்.
இரண்டாம் படத்துக்குக் காசில்லை.

இந்த வாரம் பிஷப் ஆம்புரோஸ் வெதர்லியின் நோட்டுப் புத்தகம்.

அவர் கோட்டைக்கு வந்தவரில்லை.
கடலைப் பார்த்ததே இல்லை என்கிறது
யாரோ தட்டச்சு செய்து வைத்த அட்டவணை.
கொழுப்பு உருக்கி வர்த்தி வார்த்தவன் பிள்ளை.
பல்கலைக்கழகத்தில்
பணக்காரப் பையன்களுக்குப் பரிமாறி
மிச்சத்தைத் தின்று
பந்தி முடிந்தபின் எபிரேயம் படித்தான்.
வலமிருந்து இடம் ஓடும் எழுத்தை
இடக்கையால் எழுதப் பழகினானாம்,
ஈர மையின்மேல் கை படாதிருக்க.

அரசன் தலை விழுந்தபோது இவருக்கு வேலை போயிற்று.
பதினோரு வருஷம் ஒரு கனவான் வீட்டில்
மூக்கொழுகும் மூன்று பிள்ளைகளுக்கு லத்தீன்.
அரசன் மகன் திரும்பி வந்தான்.
அறுபத்தொரு வயதில்
தலைக்குப் பெரிதான ஒரு தொப்பி.

நோட்டைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தவன் தங்கை மகன்,
கோட்டைச் சிப்பாய்களுக்குப் பாதிரி.
மூன்றாம் மழைக்குப் பேதியில் போனான்.
நோட்டு தங்கிவிட்டது.

புதன்கிழமைகளில் ஐயர் மாசிலாமணி
கீழ்ப்பாக்கத்திலிருந்து ஸ்கூட்டரில் வந்து
லத்தீனைத் தமிழாக்கிச் சொல்வார்.
கடைசித் தாள்களில் கணக்கு:
கரி. வாத்திறகு. காகிதம்.
‘மனைவிக்குக் கையுறை ஒரு ஜோடி; பெரிதாயிருக்கிறது, மாற்ற வேண்டும்.’
அதற்குக் கீழே
‘மகளுக்குப் பெட்டி, எட்டு ஷில்லிங்.’
சீதனப் பெட்டியா என்று நான் கேட்கவில்லை.
பெட்டி என்றால் எங்கள் ஜனத்துக்குத் தெரியும்.
கையுறை மாற்றிய கணக்கு
எங்கும் இல்லை.

இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில்
ஒரு சொல்லுக்கு அடிக்கோடு.
ஓரத்தில் கிழவரின் நடுங்கும் கை.
ஐயர் இரண்டு தடவை படித்துவிட்டுச் சொன்னார்:
‘இந்தச் சொல்லை முப்பது வருஷம்
தப்பாய்ப் பிரசங்கித்தேன்.
யாரும் கேட்கவில்லை.’

காதில் வாங்கவில்லையா, கேள்வி கேட்கவில்லையா என்றேன்.
லத்தீனில் அது வேற, இது வேற.
தமிழில்தான் ரெண்டும் ஒண்ணு என்றார்.
எது என்று சொல்லாமல்
டீ குடிக்கப் போய்விட்டார்.

கோடு இருக்கிறது.
கோட்டின்மேல் சொல் இல்லை.
கடுகளவு ஓட்டை.

ராமபாணம்.
மராமரம் ஏழையும் துளைத்த அம்பின் பேரை
இந்தப் பூச்சிக்கு வைத்தவர்
புத்தகம் வைத்திருந்து அழுதவராகத்தான் இருக்கவேண்டும்.
எந்தக் கடலும் தாண்டாமல்
வேப்பேரி அலமாரியிலேயே பிறந்து
கரிக்கணக்கை விட்டு, கையுறையை விட்டு,
பெட்டியை விட்டு,
ஒரு மனிதன் தன் பிழையென்று காட்டிய இடத்தை
மட்டும் தின்றிருக்கிறது.
அல்லது அதற்கு எல்லாம் காகிதம்.

ஓட்டையுள்ள தாளுக்கு அடியில்
வெள்ளைத்தாள் செருகவேண்டும் என்பது விதி.
செருகாவிட்டால்
அடுத்த பக்கத்து எழுத்து எட்டிப்பார்த்து
சொல்லைப்போலவே உட்கார்ந்துகொள்ளும்.
செருகாமல் கொஞ்சநேரம் பார்த்தேன்.
எபிரேயத்தில் ஏதோ ஒரு கொக்கி,
ஒரு புள்ளி.
அழகாகவே பொருந்தியிருந்தது.
பிறகு செருகினேன்.
வெளியே குத்தினார்கள்.
படத்தைத் திரும்ப எடுத்தேன்.

ஞாயிறு காலை புரசைவாக்கம் ஆலயத்தில்
ஓடாத மின்விசிறிக்கடியில் உட்கார்ந்து
ஆயர் சொன்ன ஒவ்வொரு சொல்லையும் கேட்டேன்.
ஒன்றைக்கூடக்
கேட்கவில்லை.