அரசுகட்டிலில் ஒரு முட்டை

முத்தையன்கட்டுக் குளம் அந்த வருஷம்
எருமை படுத்தெழும்பிய பள்ளமாய்ச் சுருங்கிக் கிடந்தது.
அப்பாவைச் சுட்ட சாம்பல் ஆறமுன்
அடப்பனார் கேட்டார்:
மூத்தது எது?

நீலையன் தன் நெஞ்சைத் தொட்டான்.
நான் என்னுடையதை.
ஒரே இரவில் வந்தவர்கள் நாங்கள்.
எவர் முந்தி என்று தெரிந்த மருத்துவிச்சி
புடையன் கடித்து
சொல்லாமலே போய்விட்டாள்.

ஆகவே கரிச்சியைக் கேட்பதென்று முடிவாயிற்று.

கரிச்சி எங்கள் தீநாகம்.
மாட்டுப் பெயர்தான்,
செட்டை முளைக்கமுன்
பட்டி அடைக்கும் பொடியன் வைத்தது.
உமிச் சாம்பலில் முட்டையைப் புதைத்து
மாறிமாறிக் காத்தவர்கள் நாங்கள்.
அவன் இருமலும் என் வியர்வையும்
அவளுக்கு ஒன்றுதான் என்றிருந்தேன்,
மரை வத்தலை அவன் ஒளித்து ஊட்டக் காணும்வரை.
மறுநாள் நான் தேன்வதை கொண்டுபோனேன்.
கள்ளம் செய்தேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள்.

அலைகரை முழுக்கச் சனம்.
நடுவில் அரசுகட்டில்:
ஒற்றை முதிரையில் குடைந்தது,
அப்பாவின் முதுகு தேய்த்த மினுக்கம்
இன்னும் போகாதது.
நீலையன் சீழ்க்கை அடித்தான்.
நான் நாக்கை மடித்து
மாடு சாய்ப்பவள் போல் ஹோய் என்றேன்.

வானத்தின் ஒரு பக்கம் கறுத்தது.
மழையென்று நம்பி
ஒருவர் சால்வையை உதறித் தலையில் போட்டார்.
கரிச்சி வந்தாள்.
அவனைப் பார்க்கவில்லை, என்னையும்.
கட்டிலை மணந்தாள்.
இரண்டு காலாலும் கவ்வித்
தூக்கிக்கொண்டு போய்விட்டாள்.

ஒரு குழந்தை மட்டும் கைதட்டியது.

மூன்று நாள் தேடினோம்,
ஒருவரையொருவர் நம்பாததால் ஒன்றாகவே.
சூரைமுள் காலைக் கிழிக்க,
பாலைப்பழப் பால் உதட்டை ஒட்ட,
ஒரு சொல் பேசாமல்.
கருங்கற் பாறையின் உச்சியில்
சுள்ளியும் மான்கொம்பும் அடுக்கிய கூடு.
கூட்டுக்கு நடுவே எங்கள் கட்டில்.
கட்டிலில்
நீத்துப்பூசணி அளவில் ஒரு முட்டை.

கரிச்சி ஒற்றைக் கண்ணைத் திறந்து எங்களை அளந்தாள்.
இனி உங்கள் பாடு என்பதுபோல்
இரைக்குப் பறந்தாள்.
போனால் வர ஏழு நாள்.

பழைய வேலைதான்.
பகல் அவன், இரவு நான்.
தேனெடுக்க வந்தவன் சொன்னான்:
துருசுத் திறப்பை மடியில் செருகிக்கொண்டு
அடப்பனார் அலைகரையில் குந்தியிருந்து
வழக்குத் தீர்க்கிறாராம்.
கட்டில் இல்லாமலும் தீர்கிறதாம்.
நீலையன் வயிறு குலுங்கச் சிரித்தான்.
எனக்குச் சிரிப்பு வரவில்லை.

ஒன்று இருவருக்கும் தெரியும், பேசுவதில்லை.
குஞ்சு முதன்முதல் கேட்கும் குரலுக்குத்தான்
சாகும்வரை திரும்பும்.
கரிச்சி பொரித்த இரவு
நாங்கள் இருவருமே நித்திரை.
அவள் கேட்டது
வரம்பில் நின்ற ஓர் ஆட்காட்டியை.

நேற்று,
நிலவு காட்டுக்குள் இறங்கும் நேரம்
டொக் என்றது முட்டை.
பிறகு ஒரு கீறல்.
மூன்றடி தள்ளி நீலையன்,
வாய் பிளந்த நித்திரை,
சின்னதில் போலவே
கட்டைவிரலைக் கைக்குள் பொத்திக்கொண்டு.

ஓட்டைத் துளைத்து ஒரு மூக்கு வந்தது,
அடுப்பில் ஊதிய தணல்போல் சிவந்து.
குனிந்தேன்.
என் பெயரைச் சொன்னால் போதும்.
வெறும் 'வா' போதும்.
கீழே, வற்றிய குளத்துப் பக்கம்
ஓர் ஆட்காட்டி தொண்டையைச் செருமியது.

அண்ணா என்றா, தம்பி என்றா,
அவனை எப்படிக் கூப்பிடுவது
என்பதே எங்களுக்குத் தீராத வழக்கு.

வாய் திறந்தேன்.
குஞ்சும் திறந்தது.