மூன்றாவது வேண்டாம்

அரபு ஸ்திரீட் கம்பளக் கடையில்
ஏர்கான் ஒழுகுகிறதென்று கூப்பிட்டார்கள்.
ஏணியும் வாளியும் தூக்கிக்கொண்டு போனேன்.
கடைக்காரர் கியோமர்ஸ் எழுந்து நின்று
"ஆகா சேந்தன்!" என்றார்.
என்னைக் கண்டு இத்தனை வியப்பா என்று
கூச்சமாகிவிட்டது.
ஈரானில் அது வெறும் 'ஐயா'வாம், பிறகு தெரிந்தது.
பதினேழு வருடத் தொழிலில்
என்னை ஐயா என்ற முதல் ஆள்.

வாசலில் ஒரு சண்டை.
நீங்கள் முதலில் என்றார்.
ஏணி நீளம், நீங்கள் முதலில் என்றேன்.
இருந்த கொஞ்சக் குளிரும் தெருவுக்குப் போனபின்
ஒருவழியாக ஏணி முதலில் நுழைந்தது.

கம்ப்ரெசர் பழுதில்லை. வடிகுழாயில் பாசி.
கழுவித் துடைத்து இறங்கும்போது
சுவரோரம் சுருட்டிய ஒரு சின்னக் கம்பளம்,
மாதுளை நிறம்.
எவ்வளவு என்று சும்மாதான் கேட்டேன்.
"உங்கள் முன் இதற்கு விலையேது,
எடுத்துக்கொள்ளுங்கள்" என்று
நெஞ்சில் கைவைத்தார்.
நன்றி சொல்லி எடுத்துக்கொண்டேன்.
வேனின் பின்கதவைத் திறக்கும்வரை
அவர் புன்னகை அப்படியே நின்றது,
பாரம் தூக்குகிறவன் பல்லைக் கடிப்பதுபோல.
கடைப்பையன் தமீம் ஓடிவந்து காதில் சொன்னான்:
"அண்ணே, அது பேச்சுக்கு.
நீங்க வேண்டாம்னு சொல்லணும், மூணு தடவை.
அப்புறம்தான் விலை சொல்வார்."
விலை, நாலாயிரத்து இருநூறு வெள்ளி.

வெட்கத்தில் என் கூலியை
"இருக்கட்டும் சார், சின்ன வேலை" என்றேன்.
அவர் கண் மின்னியது.
எதிராளி கிடைத்த சதுரங்கக்காரர் மாதிரி
நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.
வேண்டாம். கூடாது. ஐயோ, வேண்டாம்.
மூன்றாவதற்கு, எண்பது வெள்ளியைச்
சட்டைப்பையில் திணித்தார்.

அப்புறம் சாப்பாடு. அவர் மனைவி மஹின் அழைத்தார்.
"இப்போதுதான் சாப்பிட்டேன்" என்றேன்.
காலையிலிருந்து ஒரே ஒரு கோப்பி;
அந்தப் பொய் எங்களுக்குப் பாலோடு புகட்டியது.
இந்த ஊரில் ஒரு 'வேண்டாம்' போதும்.
நல்லவர்கள்தான், நேரமில்லாதவர்கள்,
சரி என்று டப்பாவை மூடிவிடுவார்கள்.
மஹின் மூடவில்லை.
இரண்டாவது வேண்டாமுக்குத் தட்டு வந்தது.
மூன்றாவதற்குப் பானையைக் கவிழ்த்து
அடியில் பொன்னாய்ப் பிடித்த காந்தலை
உடைத்து என் பக்கம் வைத்தார்.
விருந்தாளிக்கு அதுதானாம்.
எங்கள் வீட்டில் காந்தல்
பானை கழுவும் கைக்கு மிஞ்சுவது.
கடித்த சத்தம் கடை முழுக்கக் கேட்டது.
"நூஷே ஜான்" என்றார்கள்.
என் சாண் வயிற்றுக்குச் சொன்னதாகவே
எடுத்துக்கொண்டேன்.

போன ஜூலையில், சாங்கியில்,
பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டு
இன்மொழி கேட்டாள்:
"வேணும்னா நான் போகலைப்பா."
"போம்மா, எனக்கென்ன" என்றேன்.
இங்கேயே பிறந்து படித்தவள்,
சொன்னதைச் சொன்னபடி நம்புகிற பிள்ளை.
சரிப்பா என்று
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போனாள்.
அவளைக் குறைசொல்ல என்ன இருக்கிறது?
எண்ணிக்கையை நான்தானே சொல்லித்தரவில்லை.

நேற்று பெர்த்திலிருந்து அழைத்தாள்.
"டிசம்பர்ல இங்க வந்து இருங்களேன்ப்பா, ஒரு மாசம்."
"வேண்டாம்மா, ஏர்கான் சீசன்" என்றேன்.
இந்த ஊரில் எல்லா மாதமும் ஏர்கான் சீசன்தான்.

ஒன்று.

போனை வைக்காமல்
காதோடு அழுத்திக்கொண்டு நின்றேன்.