கசக்கிறதா

மழை விட்ட காலை, ஓ பார்கோ ஊருக்கு மேலே
மலை செதில் செதிலாக உரிந்து கிடக்கிறது.
இங்கே பிளக்கும் சிலேட்டுக்கல்
கடல் தாண்டிப் போய் யார் யாருக்கோ கூரையாகும்.
நான் வந்தது வேறு கூரைகளுக்கு:
மண்டைக்கு, காதுக்கு, கண்ணுக்கு,
மூச்சுக்கு.

கையில் அட்டை. அட்டையில் கட்டங்கள்.
என்ன ஆபத்து, உடம்பில் எங்கே,
எத்தனை தடவை, எவ்வளவு மோசம்.
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஓர் எண்.
விரலுக்கு மூன்று போடுகிறேன்.
கண்ணுக்கு நான்கு.
எண் போடும்போது
என் விரலை நான் பார்ப்பதில்லை.

ஒப்துலியா பிளக்கும் மேசையில் முப்பத்தொரு வருடம்.
உளியை ஒரு தட்டு;
கல் நோட்டுப் புத்தகம் போலத் திறக்கிறது.
கம்பெனி தந்த கையுறை பத்தாம் அளவு,
அவள் கை ஏழு.
மிஞ்சிய தோல் விரல்நுனியில் துவண்டு
உளிக்கும் கல்லுக்கும் நடுவே போய்ப் போய் மாட்டுகிறது.
"போட்டால் காயம், போடாவிட்டால் அபராதம்.
இது எந்தக் கட்டம்?" என்றாள்.
கட்டத்துக்கு வெளியே
ஓரத்தில் எழுதிக்கொண்டேன்.

வாசல் ஆணியில் ஒரு தலைக்கவசம் தொங்குகிறது,
நெற்றிப் பக்கம் நசுங்கி.
காட்டிச் சிரிக்கிறார்கள்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போகும், சரி.
மூச்சுக்கு வந்தது
எதோடு போகும்?

கண்ணுக்குத் தெரியும் தூசி சாது.
தரையில் விழும், துடைப்பத்துக்கு அடங்கும்.
சன்னல் வெயிலில்கூடத் தெரியாததுதான்
உள்ளே போய்க் குடியிருக்கும்,
இருபது வருடம் வாடகை கேட்காமல்.

மூன்றாம் வாளில் எலாதியோ.
முகமூடி பொருந்துகிறதா என்று பார்க்கவேண்டும்.
தலைக்கு மேல் ஓர் உறையைக் கவிழ்த்து
கசப்பு மருந்தைப் பீய்ச்சினேன்.
மூடியில் சந்திருந்தால் நாக்கு சொல்லிவிடும்.
ஆழமாக மூச்சு இழு. இடம் திரும்பு. வலம் திரும்பு.
குனி.
நூறிலிருந்து பின்னோக்கி எண்ணு.

எழுபத்தொன்றில்
தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

"கசக்கிறதா?"

"இல்லை."

இரண்டு விரற்கடை தாடி.
எட்டு வருடத்துக்கு முன் ஒரு கற்சில்லு
கன்னத்தில் கிழித்த தழும்பை மூட வளர்த்தது.
அன்று அவனுக்கு முகக்கண்ணாடி தேவையென்று
எந்த அட்டையிலும் எழுதவில்லை.
தேறாவிட்டால் பெட்டி அடுக்கும் பிரிவு,
சம்பளத்தில் கால்வாசி போய்விடும்.

"கசக்கிறதா, எலாதியோ?"

"காலையில் குடித்த காப்பி."

மேலாளர் செவெரினோவுக்கு ஓர் எண் போதும்.
"எத்தனை முகமூடி வாங்கணும்? அதைச் சொல்லுங்கள்."
நான் வாளுக்குப் போனேன்.
நிறுத்தி, பூட்டி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு
தண்ணீர்க் குழாயின் மூக்கைப் பார்த்தேன்.
ஐந்து துளையில் மூன்று
கல்மாவு அப்பி அடைந்திருந்தது.
கொண்டையிலிருந்து ஊசியை உருவிக் குத்த
சாம்பல் எச்சில் கக்கி
தண்ணீர் பாய்ந்தது.
எத்தனை மாதமாக என்று கேட்டேன்.
யாரும் மாதக் கணக்குச் சொல்லவில்லை.
ஒப்துலியா மட்டும் தூரத்திலிருந்து
"போன வருஷத்துக் கஷ்கொட்டைக் காலம்" என்றாள்.

அட்டையில் முதல் வரி: தண்ணீர்.
அடுத்தது: புகைபோக்கி மாதிரி தூசியை உறிஞ்சும் குழாய்.
ஏழாம் அளவுக் கையுறை, பன்னிரண்டு சோடி.
கடைசியில்தான் முகமூடி;
தாடிக்கு மேல் கவிழ்க்கும் காற்றூட்டிய வகை ஒன்று.
விலை கேட்டால் செவெரினோ நாற்காலியைத் தேடுவார்.
அது வரும்வரை?
எலாதியோ பெயருக்கு நேரே
"பொருந்தவில்லை" என்று எழுதினேன்.
எழுதும்போது அவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

வண்டி நிறுத்தும் இடத்தில்
எனக்கு முதுகைக் காட்டிச் சிகரெட் பற்றவைத்தான்.
நான் விடைபெறவில்லை.

பொன்ஃபெர்ராதா போகும் சாலையில்
பசி.
ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டேன்.
சகிக்க முடியாத கசப்பு.
மருந்து புட்டியைத் தொட்ட கை.

என் கையுறை
பையிலேயே இருந்தது,
மடிப்புக் கலையாமல்.