வாழைக்கறை

வெட்டும்போது வெறும் தண்ணீர்தான்.
தார் இறக்கி, களக்காட்டுக் கமிசன் கடையில்
எடை போட்டுத் துண்டுச்சீட்டு வாங்குவதற்குள்
சட்டையெல்லாம் துரு.

எலுமிச்சை தேய்த்தாள், மண்ணெண்ணெய் தேய்த்தாள்
பிரம்மசக்தி.
பிறகு கறைச் சட்டைக்கென்று
தனிக் கொடி கட்டிவிட்டாள்.

பூவுக்குள் தலைகீழாய்ப் புகும் தேன்சிட்டு
போன மாதிரியே திரும்பி வருகிறது.
எறும்புக்கும் ஒன்றும் ஒட்டக் காணோம்.
மலையிறங்கின யானை
போன வாரம் நாற்பது ஏத்தனைப் பிளந்து
விடிய விடியத் தண்டு சவைத்தது.
அதன் தந்தத்தில் கறை பிடிக்குமா?
வனக்காவலரிடம் கேட்டேன்.
இழப்பீட்டு மனுவில் அதற்குக் கட்டமில்லை என்றார்.

வாக்குச்சாவடியில் டீச்சரம்மா
என் இடது ஆட்காட்டி விரலைத்
திருப்பித் திருப்பிப் பார்த்தார்.
நகக்கண் வரைக்கும் கருப்பு.
"ஏற்கெனவே போட்டாச்சா?"
"வாழைக்கறை, டீச்சர்."
கட்சி ஏஜெண்டுகள் நாலு பேரும் எட்டிப் பார்த்தார்கள்.
அதில் மூன்று பேர் விரலும் அப்படித்தான்.
சிரித்தபடி
கறைமேலேயே மை வைத்தார்.

மை வைகாசிக்குள் போயிற்று.
நாளைக்குப் பக்கக்கன்று அறுக்கணும்.
கொடியடியில் நின்று கேட்கிறாள்:
எந்தச் சட்டை?