தெற்கே போனால் கூட்டல்

மணி பதினொன்று. டர்பன் மழை
நகராட்சிக் கட்டடத்தின் ஏழாம் மாடிக் கண்ணாடியில்
ஏதோ கணக்கைப் போட்டுப் போட்டு அழிக்கிறது.
நான் ஆரில் இருக்கிறேன்.
ஆற்றில் இல்லை, ஆர் என்கிற புள்ளியியல் மொழியில்.
அதற்குள் இருந்தபடியே இன்னொரு மென்பொருளைக் கூப்பிடுகிறேன்,
வரைபடம் போடுவது அது.
பெயர் கிராஸ். புல்தான்.
மூன்று இரவாய் அதில் தடுக்கி விழுவதால்
இந்தப் பிரிவில் இப்போது நான்தான்
புல் தடுக்கிப் பயில்வான்.

நம் அடுப்படியில் நின்றபடி
பக்கத்து வீட்டுக்குக் குரல் கொடுக்கிற மாதிரி:
உயரப் படத்தை எடு,
மழை விழுந்தால் எந்தப் பக்கம் ஓடும் பார்,
எண்ணாக்கித் திருப்பிக் கொடு.
எள்ளென்றால் எண்ணெயாய் நிற்கிற ஆள்தான்.
ஆனால் எல்லையை முதலில் சொல்லிவிட வேண்டும்.
சொல்லாமல் கூப்பிட்டால்
நேற்றைய எல்லைக்குள்ளேயே நின்று
வெறும் உரலைச் சிரத்தையாய் இடிப்பான்.

சாட்ஸ்வொர்த் சரிவின் சாக்கடை மூடிகள்
நானூற்றுப் பன்னிரண்டு. அளவைக்காரர்கள் தந்த பட்டியல்.
ஏற்றினேன். கட்டளை ஓடியது.
நூறு சதவீதம் முடிந்தது என்றது.
பிழை என்று ஒரு வார்த்தை இல்லை.
விடைப் பத்தியில் மட்டும், மேலிருந்து கீழ்வரை,
என்.ஏ.
என்.ஏ.
என்.ஏ.

படத்தில் பின்வாங்கிப் பின்வாங்கி
கண்டம் முழுதும் திரைக்குள் வந்தபோது தெரிந்தது:
எங்கள் சாக்கடை மூடிகள் எகிப்தில் கிடந்தன.
பிரமிடுகளின் பக்கம், வெறும் மணலில்,
தெருவாரியாக, வரிசை கலையாமல்.

சேர்ந்து சிரிக்க ஆளில்லை.
நொம்வூலாவுக்குப் படமெடுத்து அனுப்பினேன்.
உடனே பதில்: கழித்தல் குறி போட்டாயா?

இந்த நாட்டு நில அளவைக்கு ஒரு பிடிவாதம்.
ஊருலகத்தில் கிழக்கும் வடக்கும் கூட்டல்;
இங்கே மேற்கும் தெற்கும்.
கூத்தாடி கிழக்கே பார்ப்பான்
கூலிக்காரன் மேற்கே பார்ப்பான் என்பார்களே,
கூலிக்காரன் பக்கமாய் நின்று அளந்திருக்கிறார்கள்.
வேண்டுமென்றே இருக்காது.
இருந்தாலும், கரும்பு வெட்டக் கப்பலேறி வந்தவனின்
கொள்ளுப்பேத்திக்கு ஒரு நிமிஷம் சந்தோஷம்.

இரண்டு பத்திகளையும் கழித்தல் ஒன்றால் பெருக்கினேன்.
நானூற்றுப் பன்னிரண்டு இரும்பு மூடிகளும்
பூமத்திய ரேகையைத் தாண்டி
அவரவர் தெருவில் ணங்கென்று உட்கார்ந்தன.
எல்லையைச் சொன்னேன். திரும்பக் கூப்பிட்டேன்.

இப்போது எண்கள். தண்ணீர்
பள்ளிக்கூடத்துப் பின்மதிலைத் தொட்டு,
பெட்ரோல் பங்க்கைச் சுற்றி,
ஆற்றோரம் தாழ்ந்த மூலையில் போய்த் தேங்குகிறது.
வீடுகளின் அடுக்கில் அந்த மூலை வெள்ளையாக இருக்கிறது.
பழைய நிரலில் மூன்சாமி எழுதிவைத்த ஒரு வரி:
விவரம் இல்லாத கட்டத்தில் பூஜ்ஜியம் வை.
அறிக்கை சுத்தமாக வரும்.
ஆபத்திலுள்ள வீடுகள், அந்த மூலையில்: பூஜ்ஜியம்.

போன வாரம் அவ்வழியே போனேன்.
தகரக் கூரைகள் பறக்காமலிருக்கக் கல்லும் டயரும்.
ஒருவன் கார் பேட்டரியை வைத்துக்கொண்டு
தெருவின் போன்களுக்கெல்லாம் சார்ஜ் ஏற்றிக்கொண்டிருந்தான்,
ஒன்றுக்கு ஐந்து ராண்ட்.
என்னுடையதற்கும் ஏற்றினான். மீதிச் சில்லறை சரியாகத் தந்தான்.
இல்லை என்பது வேறு.
எனக்குத் தெரியாது என்பது வேறு.

அந்த வரியை அழித்தேன்.

நாளைக்கு ஜி.பி.எஸ். கொண்டுவருகிறேன்,
கதவு கதவாய் எண்ணுவோம், மழை விட்டால்,
என்கிறாள் நொம்வூலா.
மழை விடுவதாய் இல்லை.
காலையில் மூன்சாமி மொத்தம் எங்கே என்பார்.
மொத்தம் என்.ஏ.
ஆரின் குணம் அது. நூறு தெரிந்து ஒன்று தெரியாவிட்டாலும்
கூட்டச் சொன்னால் தெரியாது என்றுதான் சொல்லும்.
வேறு மாதிரி சொல்லவைக்கவும் வழியுண்டு; ஒரே சொல்.
நான் போடவில்லை.

அப்படியே அச்சடித்து அவர் மேஜையில் வைத்தேன்.
லிஃப்ட் ஓடவில்லை.
ஏழு மாடியும் படியில் இறங்கினேன்,
தண்ணீர் போகிற பக்கமாய்.